துவைக்காத சேலை

இப்போதெல்லாம் யாரும் அடுத்தவன் புஞ்சைக்குள் கேட்டுக்கொண்டு கால் வைப்பதில்லை. செருப்போடு வருகிறார்கள், செல்போனை நீட்டுகிறார்கள், எதையோ எழுதிக்கொள்கிறார்கள், போய்விடுகிறார்கள். அதனாலேயே பேனா பிடித்த ஆட்களைக் கண்டால் ஞானையாவுக்கு ஆகாது.

அந்தப் பெண்ணும் அப்படித்தான் வந்தாள். திருச்சுழி ரோட்டை ஒட்டிய அவருடைய மக்காச்சோளப் புஞ்சையில், பொழுது கிளம்புகிற நேரத்தில், வரப்போரம் குனிந்து உட்கார்ந்திருந்தாள். கதிர் ஒடிக்க வந்தவள் என்று நினைத்து மகன் ஜாபேஸ் பின்னால் போய் ஓர் அதட்டல் போட்டான். திரும்பினாள்... தூறல் ஒட்டிய இமைகள், பயமே இல்லாத பெரிய கண்கள். கையில் கதிர் இல்லை, அளவு டேப்தான் இருந்தது.

"சத்தம் போடாதீங்க. பன்னிக் காலடியை அளந்துக்கிட்டிருக்கேன்."

"ஏன், பன்னிக்குச் செருப்பா தைக்கப் போறீங்க?"

அவள் சிரித்துவிட்டாள். அன்று முழுவதும் அவன் ஒரு வேலையும் உருப்படியாய்ச் செய்யவில்லை.

பேர் பிரவீணா. மல்லாங்கிணற்று மளிகைக்கடைக்காரர் மகள். காட்டு விலங்கும் சாகாமல் வெள்ளாமையும் அழியாமல் பார்த்துக்கொள்கிற உத்தியோகத்துக்குப் படிக்கிறாளாம். காட்டுப்பன்னி எந்த வழியாய் வருகிறது, எது அதைத் தடுக்கிறது என்று மூன்று மாதம் பார்த்து எழுதுவதுதான் பயிற்சி. வாரத்தில் இரண்டு நாள் வந்தாள். அந்த இரண்டு நாளும் ஜாபேஸ் சட்டையைத் தேய்த்துப் போட்டான். ஞானையா பார்த்தும் பாராதவராய் இருந்தார்.

புஞ்சையைச் சுற்றி வேலியாய்க் கட்டியிருந்தவை அவர் மனைவி தங்கச்செல்வியின் சேலைகள். மனுச வாடைக்குப் பன்னி அண்டாது. அவள் போய் இரண்டு வருசம். ஊதா, கிளிப்பச்சை, ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குக் கட்டுகிற வெள்ளை... காற்றில் அவை அசையும்போது, அவள் புஞ்சையில் நிற்கிறாள் என்றே அவர் வைத்துக்கொண்டார்.

ஒருநாள் விடிந்து பார்த்தால் கால்வாசிப் புஞ்சையைப் பன்னிகள் உழக்கியிருந்தன. பிரவீணா தடத்தைப் பார்த்தாள். வெள்ளைச் சேலையை எடுத்து முகர்ந்தாள். தயங்கித்தான் சொன்னாள்.

"ஐயா... இதுக்கு அடியிலதான் நுழைஞ்சிருக்கு. மழையிலயும் வெயில்லயும் கிடந்து வாடை போயிருச்சு. அவுக வாடை இப்ப இதுல இல்லை."

ஞானையா அவள் கையிலிருந்து சேலையைப் பிடுங்கினார்.

"அவ வாடை இருக்கா இல்லையான்னு நீ எனக்குச் சொல்லாத. இனி இந்தப் பக்கம் வராத பிள்ள."

அவள் ஜாபேஸைத்தான் பார்த்தாள். அவன் மண்ணைப் பார்த்துக்கொண்டு நின்றான். டேப்பைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டாள்.

மூன்று வாரம்... சோறு ஆறிக் கிடந்தது. அப்பனும் மகனும் ஒரே வீட்டில் வேற்றூர்க்காரர்கள் மாதிரி நடமாடினார்கள்.

பயிற்சி முடிகிற அன்று பிரவீணா தூறலோடு வந்தாள். ஜாபேஸ் வரப்பில் நின்றிருந்தான். பையிலிருந்து ஒரு மஞ்சள் சேலையை எடுத்தாள். பயிருக்குள் ஞானையா நிற்பது இருவருக்கும் தெரியாது.

"நாலு நாளா இதைத்தான் போத்தித் தூங்குறேன், துவைக்கல. அம்மா சேலையை அவுக்க வேண்டாம். இதைப் பக்கத்துல கட்டிக்கலாம்."

"அன்னைக்கு நான் பேசியிருக்கணும்," என்றான் ஜாபேஸ்.

"இப்பப் பேசுங்க."

அவன் சேலையின் ஒரு முனையைப் பிடித்தான். இருவரும் சேர்ந்து சேலையைக் கட்டினார்கள்.

"இதுவும் நாலு மழைக்கு மேல தாங்காதே..."

"எந்த ஊருல வேலை போட்டாலும் மாசம் ஒருக்கா வந்து மாத்திக் கட்டுவேன்."

"வருசத்துக்குப் பன்னெண்டு சேலை ஆகுமே, பிரவீணா."

அவள் தலை குனிந்துகொண்டாள். "நீங்க எடுத்துக் குடுங்க."

நனைந்தபடியே இருவரும் பஸ்ஸுக்கு நடந்தார்கள்.

ஞானையா வெளியே வந்தார். வெள்ளைச் சேலையை முகர்ந்து பார்த்தார். ஈர மண். ஊதாவை முகர்ந்தார். அதுவும் ஈர மண். மஞ்சள் சேலையின் முடிச்சு தொளதொளவென்று இருந்தது. அவிழ்த்து இறுக்கிப் போட்டார்.

மாசாமாசம் வருவாளாம். தங்கச்செல்வியும் ஆம்புலன்ஸில் ஏறும்போது, ரெண்டு நாளில் வந்துருவேன் என்றுதான் சொன்னாள். திரும்பிப் பார்க்காமல் அவர் வரப்பில் நடந்தார்.