மூன்று ரேடியோவுக்கு நான்கு மதிப்பெண்

மேசையில் ரேடியோ மூன்றுதான் இருந்தது. பரிசோதகரின் தாளில் நான்கு ரேடியோவுக்கு மதிப்பெண் விழுந்திருந்தது.

மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி எண்ணினார். முதலாவதற்கு மூன்றரை, இரண்டாவதற்கு மூன்று, மூன்றாவதற்கு நான்கு, நான்காவதற்கு ஐந்து. ஐந்துக்கு ஐந்து. ரேடியோ தொழிற்சாலையின் கடைசிச் சோதனை அறையில் முப்பத்திரண்டு வருஷம் உட்கார்ந்து, காதால் கேட்டுக் கேட்டே முத்திரை குத்தி அனுப்பிய மனிதர் அவர். பட்டம் கொடுத்ததுபோல் 'பரிசோதகர்' என்ற பேர் ஓய்வுக்குப் பிறகும் ஒட்டிக்கொண்டது. அந்த முப்பத்திரண்டு வருஷத்தில் ஒரு பெட்டிக்கும் அவர் ஐந்து போட்டதில்லை.

"ஏம்மா, இங்க வா. எத்தனை நம்பர் சொன்னே?"

மனைவி அடுக்களையிலிருந்து கையைத் துடைத்தபடி வந்தாள். "மூணு. மூணு பெட்டிதானே இருக்கு? மூணாவதைச் சொல்லிட்டு அடுப்பைப் பார்க்கப் போயிட்டேன்."

"நாலுன்னு சொன்னே. என் காதால கேட்டேன்."

"உங்க காதைப் பத்தித்தான் ஒரு மாசமா சொல்லிக்கிட்டிருக்கேன்" என்றாள் அவள்.

அங்கேதான் அவருக்குச் சுருக்கென்றது. காது டாக்டரின் சீட்டு ஒரு மாதமாகக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் காந்தத்தின் அடியில் தொங்குகிறது. அதைக் கடந்துதான் அவர் தண்ணீர் எடுக்க வேண்டும். காது போய்விட்டது என்று ஒப்புக்கொண்டால் அவரிடம் மிச்சம் என்ன? பாம்புச் செவி என்று ஆலை முழுக்கப் பேர் வாங்கிய காது அது.

சோதனை நடக்கிற முறையை அவரே வகுத்திருந்தார். மூன்றும் ஒரு காலத்தில் மோட்டார் சைக்கிள் விலைக்கு விற்ற சிற்றலைப் பெட்டிகள். தோலுறை போட்டு, மூடியின் உள்பக்கம் உலகப்படம் ஒட்டிய கனத்த பெட்டிக்குத் 'தாத்தா' என்று பேர். குரல் கதகதப்பாக இருக்கும், ஆனால் நிலையத்தை விட்டு மெல்ல நழுவிக்கொண்டே போகும். எண் காட்டும் வெள்ளிநிறப் பெட்டி 'வெள்ளையன்'. முள் குத்தியதுபோல் துல்லியம், அதே அளவு கீச்சல். மூன்றாவது போன வாரம் வந்த 'கறுப்பன்'. மற்ற இரண்டும் இரைச்சல் மட்டும் தருகிற இடத்திலும் அடியில் கிடக்கிற குரலைத் தோண்டி எடுத்துவிடுவான். மூன்றுக்கும் ஒரே ஏரியல், ஒரே ரகப் புது பேட்டரி, ஒரே நிலையம். நேரமும் சாயங்காலம்தான், பொழுது சாயும்போதுதான் தூரத்து நிலையங்கள் ஏறி வரும். கண் பார்த்தால் காது பொய் சொல்லும் என்பது ஆலைப் பாடம். அதனால் அவர் மேசைக்கு முதுகு காட்டிச் சுவரைப் பார்த்து உட்காருவார். பின்னால் நிற்கும் மனைவி ஏதாவது ஒன்றின் ஒலியைக் கூட்டிவிட்டு 'ஒண்ணு' என்பாள், அடுத்ததற்கு 'ரெண்டு' என்பாள். எது எது என்பது அவள் சீட்டில் இருக்கும். விதி ஒன்றே ஒன்று: திரும்பிப் பார்க்கக் கூடாது.

"செல்போன்ல அதே நிலையத்தை வச்சு நாலாவதா விட்டுட்டே. கிழவனுக்கு ரேடியோவுக்கும் போனுக்கும் வித்தியாசம் தெரியலன்னு தங்கச்சிகிட்ட சொல்லிச் சிரிக்கணும், அதானே?"

"தான் பிடிச்ச முயலுக்கு மூணு கால்ம்பாங்க. நீங்க மூணு ரேடியோவுக்கு நாலும்பீங்க போல" என்று சிரித்தவள், அவர் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்திக்கொண்டாள்.

இரவு படுத்தபின் அவருக்கே ஒன்று உறைத்தது. போனில் வருகிற ஒலிபரப்பு நாலைந்து நொடி பின்தங்கித்தான் வரும். நான்காவது பின்தங்கவில்லை. அந்த நிலையத்துச் செய்திக்காரி மூச்சு வாங்கும் இடம் அதில் முதலில் வந்தது. பிறகுதான் மற்ற பெட்டிகளில், அடியில் சன்னமாக, அதே மூச்சு. பக்கத்தில் படுத்திருந்தவளை எழுப்பிச் சொல்லலாமா என்று நினைத்தார். சொன்னால் அதற்கும் டாக்டர் சீட்டைக் காட்டுவாள் என்று சும்மா இருந்துவிட்டார்.

மறுநாள் பேச்சு வளர்ந்து சண்டையாயிற்று. "முப்பது வருஷம் உங்க முதுகைப் பார்த்து நின்னாச்சு. இனிமே நம்பரையும் நீங்களே சொல்லிக்கங்க" என்று அவள் இரண்டு தெரு தள்ளியிருந்த தங்கை வீட்டுக்குப் போய்விட்டாள். கதவை ஓங்கிச் சாத்தவில்லை. சாத்தியிருந்தால் அவருக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

கறுப்பனுக்குள் யாராவது எதையாவது வைத்திருக்கிறார்களோ என்று சந்தேகம் வந்து அவர் திருப்புளியை எடுத்தார். உள்ளே வேற்றுப் பொருள் ஒன்றும் இல்லை. பேட்டரிக் குழிக்கும் அடியில், ஆட்டம் நிற்க யாரோ திணித்ததுபோல், எட்டாக மடித்த தாள் மட்டும் ஒன்று இருந்தது. பழைய சொந்தக்காரரின் சோதனைத் தாள். அதே மாதிரி கட்டங்கள், அதே மாதிரி மதிப்பெண்கள். மூன்றரை, மூன்று, நான்கு. நான்காவதில் ஐந்து. அதற்கப்பால் ஐந்தாவது கட்டத்துக்கு எண் மட்டும் போட்டிருந்தது. அதன் கீழே மதிப்பெண் இல்லை. பென்சில் கோடு ஒன்று, தாளின் ஓரம்வரை இழுபட்டுப் போயிருந்தது.

வேறொருவராக இருந்தால் பயந்திருப்பார். பரிசோதகருக்குக் கோபம் வந்தது. பெட்டியை விற்ற பழைய சாமான் புரோக்கருக்குப் போன் போட்டார்.

"நாலாவது செட்டு எங்கய்யா? நல்லதை ஒளிச்சு வச்சுக்கிட்டு மிச்சத்தை என் தலையில கட்டிட்டியா?"

"அண்ணே, அந்த வீட்ல மொத்தமே மூணுதான். ரெண்டை வேற ஆளுக்குக் குடுத்தேன், ஒண்ணை உங்களுக்கு. சத்தியமா."

"அவர் எழுதின தாள் என் கையில இருக்கு."

புரோக்கர் குரலைத் தாழ்த்தினார். "பென்சிலும் கையுமாத்தான் செத்துக் கிடந்தாராம் அண்ணே. சுவரைப் பார்த்து உக்காந்த வாக்குல. கொடுமை என்னன்னா, அவர் வீட்டம்மா அன்னைக்குத் தன் அண்ணன் வீட்டுக்குப் போயிருந்தாங்க. அதே சாயங்காலம் அவங்க உசிரும் அங்கயே போயிடுச்சு. ஒரே நேரத்துல, ரெண்டு வீட்ல. யாரு என்னத்தைச் சொல்ல?"

கதை விடுகிறான் என்று பரிசோதகர் போனை வைத்தார். நல்ல சரக்கை அமுக்கியவன் இழவுக் கதை சொல்லித்தான் தப்பிப்பான்.

ஆறு மணிக்குத் தாத்தா, வெள்ளையன், கறுப்பன் மூன்றையும் ஒரே நிலையத்தில் வைத்து, ஒலியைக் குறைத்துவிட்டு, பழக்க தோஷத்தில் சுவரைப் பார்த்த நாற்காலியில் உட்கார்ந்தார். எண் சொல்ல ஆள் இல்லாமல் எதற்கு உட்கார்ந்தோம் என்று அவருக்கே தெரியவில்லை. ஜன்னல் வெளிச்சம் சுவரில் பழுத்து, மங்கி, மேலே ஏறிக்கொண்டிருந்தது. சூடேறிய பழைய தோலின் வாசனையும் தூசியின் வாசனையும் பின்னாலிருந்து வந்தன. வீடு காலியாக இருந்தது அவருக்குப் பிடிக்கவில்லை. நாளைக்கு அந்த டாக்டரிடம் போய்த்தான் பார்ப்போமே, அவளையும் கூட்டிக்கொண்டு போவோம் என்று நினைத்தார்.

"ஒண்ணு."

அவருக்கு மனசு நிறைந்துவிட்டது. வந்துவிட்டாள். கோபம் போகவில்லை என்று காட்டத்தான் சத்தமில்லாமல் வந்திருக்கிறாள். திரும்பினால் விதியும் கெடும், வீம்பும் கெடும். "வந்துட்டியா?" என்று சுவரிடம் கேட்டார். பதிலாகத் தாத்தாவின் கதகதப்பான குரல் எழுந்தது. மூன்றரை என்று எழுதினார்.

"ரெண்டு."

வெள்ளையனின் கீச்சல். எழுதும்போதே தெருவில் மின்சாரம் போயிற்று. ஊரே திட்டும் அந்த நேரம் சிற்றலைக்காரனுக்கு மட்டும் நல்ல நேரம். விளக்குகளும் மோட்டார்களும் போடுகிற ரீங்காரம் மொத்தமாக அறுந்து, பின்னால் ஒலி கழுவி வைத்ததுபோல் துலங்கியது. அறை இருண்டது. சுவர் மட்டும் கொஞ்சம் தெரிந்தது.

"மூணு."

கறுப்பன். அவர் நான்கு போடும்போது சட்டைப் பையில் போன் அடித்தது.

"என்னங்க, மாடியிலிருந்து பார்த்தேன், நம்ம தெரு மட்டும் இருட்டா இருக்கு. டார்ச் மேசை டிராயர்ல இருக்கு. உங்களுக்குத் தேடத் தெரியாதேன்னு கூப்பிட்டேன்."

பரிசோதகர் பென்சிலைத் தாளிலேயே நிறுத்தினார்.

"நீ... எங்க இருக்கே?"

"தங்கச்சி வீட்லதான். வேற எங்க?"

அவளுக்குப் பின்னால் டிவி ஓடியது. போனில் அவள் குரல் மெலிந்து, மேலும் கீழும் நறுக்கப்பட்டு வந்தது. பின்னால் எண் சொன்ன குரலில் எதுவும் நறுக்கப்படவில்லை. தொண்டையின் ஈரம் இருந்தது, வார்த்தை முடிவில் அவளுக்கு வருகிற சின்ன இழுப்பு இருந்தது. இரண்டையும் ஒப்பிடாதே என்று அவர் தனக்குச் சொல்லிக்கொண்டார். காது சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. பின்னால் இருப்பதுதான் நல்ல பிரதி என்று அது தீர்ப்புச் சொன்னது.

"நாலு."

போனில் அவள் மெதுவாக, "யாருங்க அது? என் குரல்ல?" என்றாள்.

அவளுக்கும் கேட்டிருக்கிறது. காது கெடவில்லை. வெட்கக்கேடு, ஒரு கணம் அவருக்குச் சந்தோஷமாக இருந்தது.

நான்காவதில் நிலையம் இல்லை. இரைச்சலும் இல்லை. ஓர் அறை இருந்தது. அதில் நாற்காலி கிறீச்சிட்டது. பிறகு அவர் நாற்காலி கிறீச்சிட்டது. அதில் யாரோ மூச்சை உள்ளே இழுத்தார்கள். பிறகு அவர் இழுத்தார்.

திரும்பக் கூடாது. விதி.

"பேசுங்க! என்னங்க, பேசுங்க!"

"அஞ்சு."

அவருக்குப் பின்னால், ஐந்தாவதில், டிவிச் சத்தம். தங்கையின் சிரிப்பு. மனைவியின் பதறின மூச்சு, போனில் வருவதற்குச் சற்று முன்பாக, போனைவிடத் தெளிவாக. "பேசுங்க" என்றாள் பின்னால். "பேசுங்க" என்றாள் போனில்.

அந்த இன்னொரு வீட்டில் ஓர் ஆண் தொண்டையைச் செருமினான். அந்தச் செருமல் அவருக்குத் தெரியும். அறுபது வருஷமாக அவருடையது.

"ஒண்ணு" என்றது அவருடைய குரல், அவளுக்குப் பின்னால்.

போனில் அது இன்னும் வரவில்லை. ஒரு நொடி இருந்தது. சொல்லிவிடலாம். திரும்பாதே என்று ஒரு வார்த்தை. அவர் வாயைத் திறந்தார். சத்தம் வரவில்லை. பென்சில் பிடித்த கை மட்டும் தானாக ஐந்தாவது கட்டத்துக்கு எண் போட்டது.

"ஒண்ணு" என்றது போன்.

நறுக்கின குரலைவிட முழுக் குரலைத்தான் யாரும் நம்புவார்கள். அவரும் நம்பியிருந்தார்.

"அட, எப்ப வந்தீங்க?" அவளுடைய குரலில் நிம்மதி. உடம்பைத் திருப்பும்போது சேலை உரசுகிற சத்தம். பிறகு, போனை வாயருகே கொண்டுவந்து, மெல்ல:

"அவர்தான் இங்க வந்துட்டாரே. நீ யாரு?"

பென்சில் தாளின் ஓரத்தை நோக்கி நகர ஆரம்பித்தது.