செத்துப்போன மெமரி டப்பா

மெமரியை உள்ளே அமுக்கியவள் இளமதி. அதனால் பழியும் இளமதி மேலேயே விழுந்தது.

"டக்குன்னு சத்தம் கேட்டுச்சே, அப்பவே நெனச்சேன்" என்றான் அவள் அண்ணன் செம்பியன். "ஒடச்சிட்ட."

"டக்குன்னு கேட்டாதான் சரியா உக்காந்துச்சின்னு நீதானண்ணா சொன்ன?"

"சொன்னேன். நீ ஜாஸ்தியா அமுக்கிட்ட."

மஞ்சக்குப்பத்தில் அவர்கள் வீட்டு முன்னறை மேசைமேல் கம்ப்யூட்டர் பெட்டி வயிறு திறந்து கிடந்தது. எங்கோ ஒரு பெரிய அலுவலகத்தில் ராப்பகலாக ஓடிய சர்வர் என்ற பெரிய கம்ப்யூட்டரின் மூளை, அதாவது பிராசசர், அதற்குள் இருந்தது. பழைய சாமான்தான், ஆனால் பலசாலி. கையில் காசில்லாமல் கேம் விளையாட ஆசைப்படுகிறவர்கள் இப்படித்தான் கம்ப்யூட்டர் கட்டுகிறார்கள். செம்பியன் ஒவ்வொரு சாமானாகத் தேடிச் சேர்த்தான். ஒவ்வொன்றையும் பழைய பெயின்ட் பிரஷ்ஷால் தூசி தட்டியவள் இளமதி.

பிராசசரோடு ஒரு மெமரியும் வந்திருந்தது. மெமரி என்றால் பென்சில் நீளத்துக்கு ஒரு பச்சைப் பட்டை. வேலை நடக்கும்போது வேண்டியதையெல்லாம் கம்ப்யூட்டர் அதில்தான் எடுத்து வைத்துக்கொள்ளும். ஒரு பட்டை போதவில்லை. கார் பந்தயம் ஓடியது, ஆனால் ஒவ்வொரு வளைவிலும் கார் நின்று யோசித்தது.

செம்பியன் சிதம்பரத்தில் பாலிடெக்னிக் படிக்கிறான். அங்கேயே ஒரு கடையில் இன்னொரு மெமரி வாங்கி வந்தான். அதே அளவு, அதே பச்சை. இளமதி அமுக்கினாள். கம்ப்யூட்டர் பீப் பீப் என்று அழுதது. திரை கறுப்பாகவே இருந்தது.

புதியதைக் கழற்றினால் பழையபடி ஓடியது.

"பாத்தியா? ஒண்ணு மெமரி போயிருக்கணும், இல்ல ஸ்லாட்டு போயிருக்கணும். ரெண்டுல எதுன்னாலும் நீதான்" என்றான் செம்பியன். "இனிமே இது பக்கமே வராத."

மெமரி போய் உட்காரும் பள்ளத்துக்குத்தான் ஸ்லாட் என்று பெயர். தான் உடைக்கவில்லை என்று இளமதிக்குத் தெரியும். ஆனால் தெரிந்தால் மட்டும் போதாது, காட்ட வேண்டும்.

சனிக்கிழமை செம்பியன் பெட்டியோடு சிதம்பரம் கிளம்பினான். கூட இளமதியையும் அழைத்தான். பாசத்தால் அல்ல. பெட்டியைப் பிடிக்க ஒரு ஆள் வேண்டியிருந்தது.

வீட்டுக்குப் புதிதாக எது வந்தாலும் சந்தனம் குங்குமம் வைப்பது அவர்கள் அம்மாவின் வழக்கம். பெட்டியின் நெற்றியிலும் பெரிதாக ஒரு பொட்டு இருந்தது. ஆலப்பாக்கத்தில் பஸ் ஏறிய ஒரு அம்மாள் அதைப் பார்த்துவிட்டுக் காலைத் தள்ளி வைத்துக்கொண்டாள்.

"உள்ள எந்த சாமி கண்ணு?"

"கம்ப்யூட்டருங்க" என்றாள் இளமதி.

"அது எந்த ஊர்ல இருக்குது?"

செம்பியன் ஜன்னல் பக்கம் திரும்பிச் சிரித்தான். சண்டை ஆரம்பித்த பிறகு அவன் சிரித்தது அதுதான் முதல் தடவை.

மேல வீதியை ஒட்டிய சந்தில் இருந்தது, செம்பியன் மெமரி வாங்கிய ஞானசேகரனின் கடை. புதிய சாமானும் விற்பார், பழையதும் விற்பார். செம்பியன் நடந்ததைச் சொன்னான். ஞானசேகரன் மெமரியை வாங்கித் தன் மேசைக் கம்ப்யூட்டரில் போட்டார். உடனே ஓடியது.

"மெமரி ஜோரா இருக்கு தம்பி. உங்க ஸ்லாட்டதான் யாரோ ஒடச்சிருக்காங்க."

அண்ணன் தங்கையைப் பார்த்தான். தங்கை பெட்டிக்குள் கை நீட்டினாள்.

"பாப்பா, கைய வெக்காத. நாங்க பெரியவங்க பாத்துக்கறோம்" என்றார் ஞானசேகரன்.

"சரி, நீங்களே பாருங்க மாமா. நான் அமுக்கின ஸ்லாட்டு இது. இதுல எங்க பழைய மெமரிய மட்டும் போடுங்க."

போட்டார். ஓடியது.

"அப்ப ஸ்லாட்டு ஒடயல" என்றாள் இளமதி. "இப்ப புதுச மட்டும் போடுங்க."

அதுவும் ஓடியது. செம்பியன் தலையைச் சொறிந்தான்.

"ரெண்டையும் சேத்துப் போடுங்க."

பீப் பீப்.

"தனித்தனியா வருது, சேந்தா வரல. என்னா தம்பி இது, மாமியா மருமவ மாதிரி!" என்றார் ஞானசேகரன்.

இளமதி இரண்டு பட்டைகளையும் மேசைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். இந்த முறை கையை வைக்காதே என்று யாரும் சொல்லவில்லை. இரண்டிலும் கறுப்புச் சில்லுகள் வரிசையாக இருந்தன. பழையதில் மட்டும், நடுவில், வரிசையில் சேராமல் தனியாக ஒரு சில்லு இருந்தது.

"இதுக்கு நடுவுல ஒண்ணு கூட இருக்கு. இந்த மாதிரி வேற இருக்கா மாமா?"

"நடுச்சில்லு வச்சதா? அதெல்லாம் செத்துப்போனதும்மா." காலால் மேசைக்கடியிலிருந்து ஒரு பிளாஸ்டிக் டப்பாவைத் தள்ளினார். அதன்மேல் 'டெட்' என்று எழுதியிருந்தது. "ஆபீஸ்ல கழிச்ச சாமான் வாங்குறப்ப கூடவே வரும். ஒண்ணுகூட உயிரோட வந்ததில்ல."

"செத்துச்சின்னு எப்படித் தெரியும்?"

"இதோ, என் கம்ப்யூட்டர்ல போடுவேன். வரலன்னா டப்பா."

இளமதி தங்கள் பழைய பட்டையை எடுத்து நீட்டினாள்.

"எங்க பழைய மெமரிய உங்க கம்ப்யூட்டர்ல போடுங்க."

போட்டார். திரை கறுப்பு. ஞானசேகரன் அதைக் கழற்றினார். "செத்துப்போச்சு" என்றார். கை தன்னால் டப்பா பக்கம் போனது.

"மாமா! அது எங்களுது!" என்று கத்தினான் செம்பியன்.

"இப்பதான எங்க பெட்டில உயிரோட இருந்துச்சு?" என்றாள் இளமதி.

ஞானசேகரனின் கை அப்படியே நின்றது. பட்டையைப் பார்த்தார். டப்பாவைப் பார்த்தார்.

"அடடா. சர்வர் மெமரி!" என்று நெற்றியில் தட்டிக்கொண்டார். "சர்வர்ல எக்கச்சக்கமா மெமரி மாட்டுவாங்க. பிராசசர் சொல்றத அந்த நடுச்சில்லு வாங்கி மத்த சில்லுங்களுக்குச் சொல்லும். என் கம்ப்யூட்டருக்கு அந்தப் பழக்கம் கெடயாது. இந்த ஸ்லாட்டெல்லாம் இருக்கற உங்க போர்டு ரெண்டு வகையும் எடுத்துக்குது, ஆனா ஒண்ணா எடுத்துக்காது."

"அப்ப டப்பால இருக்கறது?" என்றான் செம்பியன்.

மூவரும் டப்பாவைச் சுற்றி உட்கார்ந்தார்கள். நடுச்சில்லு உள்ளதை எல்லாம் தனியாகப் பொறுக்கினார்கள். அதிலும் தங்களுடையதைப் போலவே அளவும் வேகமும் அச்சிட்டிருந்ததைத் தேடினார்கள்.

ஞானசேகரன் ஒன்றை எடுத்துக் கொடுத்தார். இளமதி அதை ஸ்லாட்டின் மேல் வைத்துப் பார்த்தாள். பட்டையின் அடியில் இருந்த வெட்டு, ஸ்லாட்டின் மேட்டோடு பொருந்தவில்லை. கொஞ்சம் தள்ளி இருந்தது.

"அமுக்கிப் பாரேன்" என்றார் ஞானசேகரன்.

"மாட்டேன். இது வேற தலைமுறை. அமுக்கினா நெஜமாவே ஒடயும்."

செம்பியன் தொண்டையைச் செருமிக்கொண்டான்.

அடுத்ததில் வெட்டு பொருந்தியது, உயிர் இல்லை. தனியாகப் போட்டும் அழுதது. "டப்பா மேல எழுதினத ஒண்ணாவது காப்பாத்துச்சே" என்றார் ஞானசேகரன். அதை மட்டும் திரும்ப டப்பாவில் போட்டார்.

மூன்றாவதில் தூசி அப்பியிருந்தது. பெட்டியின் மேல்பக்கத்தை இளமதி ஒரு ஜவுளிக்கடைத் துணிப்பையால் மூடி எடுத்து வந்திருந்தாள். அந்தத் துணிப்பையின் நுனியால் மெல்லத் துடைத்தாள். பிறகு அண்ணனிடம் நீட்டினாள்.

செம்பியன் வாங்கவில்லை. பெட்டியைத் தங்கை பக்கம் திருப்பி வைத்தான்.

"நீயே போடு."

இரண்டு பக்கமும் கட்டை விரலை வைத்துச் சமமாக அமுக்கினாள். டக். செம்பியன் சுவிட்சைப் போட்டான்.

பீப் வரவில்லை. திரை வெளிச்சமானது. மெமரி இரு மடங்கு என்று ஓரத்தில் காட்டியது.

"தம்பி, உன் தங்கச்சிய சனிக்கெழமையில என் கடைக்கு அனுப்பேன்" என்றார் ஞானசேகரன். "இந்த டப்பா மாதிரி இன்னும் ரெண்டு இருக்கு."

"அவளையே கேளுங்க. என்னய ஏன் கேக்கறீங்க?" என்றான் செம்பியன்.

"எனக்கு ஸ்கூல் இருக்கு மாமா. எப்படிப் பாக்கறதுன்னுதான் உங்களுக்கே தெரிஞ்சிருச்சே" என்றாள் இளமதி.

ஞானசேகரன் புது மெமரியைத் திரும்ப எடுத்துக்கொண்டு டப்பாவில் இருந்ததைக் கொடுத்தார். அவர்கள் படி இறங்கும்போது, பேனாவை எடுத்து 'டெட்' என்ற சொல்லைக் கோடு போட்டு அடித்துக்கொண்டிருந்தார்.

சாயங்காலம் மஞ்சக்குப்பம் வீட்டில் கார் பந்தயம் ஆரம்பித்தது. முதல் ஆட்டம் யாருக்கு என்று செம்பியன் கேட்கவே இல்லை. நாற்காலியை இழுத்துத் தங்கைக்குப் போட்டான். கார் எந்த வளைவிலும் நின்று யோசிக்கவில்லை. இளமதியும் யோசிக்கவில்லை. போன வேகத்தில் நேராகச் சுவரில் மோதினாள். கார் நான்கு சக்கரமும் மேலே தெரியக் கவிழ்ந்தது.

செம்பியன் வாயைத் திறந்தான்.

"இது நான்தான்" என்றாள் இளமதி.