தருணமானி மறுத்த ஒன்றரை மணி நேரம்

2061ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் பதினைந்தாம் நாள், செவ்வாய்க்கிழமை. திருச்சிராப்பள்ளியின் மீது வடகிழக்குப் பருவமழை விடியற்காலை முதலே ஒரே சீராகப் பெய்துகொண்டிருந்தது. பிற்பகலாகியும் காவிரிப் பாலத்தின் மறுமுனை கண்ணுக்குப் புலப்படவில்லை.

ஆற்றின் தென்கரையில் இருந்த மருத்துவமனையின் நான்காம் தளத்தில், பிற்பகல் மூன்று மணிக்குத் தருணமானியின் விளக்கு பச்சையிலிருந்து மஞ்சளுக்கு மாறியது. "இத்தருணம் உகந்ததன்று. 4.30 மணிக்குப் பின் மீண்டும் கேட்கவும்" என்று அதன் திரை அறிவித்தது. சிகிச்சை மேசையின் மேல் நின்ற நுண்கரம் தானாகவே மடிந்து பூட்டிக்கொண்டது.

மேசையில் படுத்திருந்தவர் மாசிலாமணி, வயது அறுபத்து நான்கு. பித்தக்கல் ஒன்று வழியை அடைத்ததால் ஐந்து வாரங்களுக்கு முன்பு அவருடைய கணையம் வீங்கி, அதன் ஒரு பகுதி இறந்துபோயிருந்தது. கணையம் என்பது இரைப்பைக்குப் பின்னால் மறைந்து கிடக்கும் உறுப்பு. அதன் இறந்த பகுதியில் கிருமி புகுந்தால் சீழ் பிடிக்கும். சீழின் நஞ்சு குருதியில் கலந்தால் உயிர் நிலைக்காது. அன்று நண்பகலில் மாசிலாமணிக்குக் காய்ச்சல் நூற்று மூன்றைத் தொட்டது. இரத்த அழுத்தம் படிப்படியாக இறங்கத் தொடங்கியது.

செய்ய வேண்டியதில் புதுமை ஏதும் இல்லை. வாய் வழியாக உள்நோக்கியைச் செலுத்தி, இரைப்பையின் பின்சுவரில் துளையிட்டு, இருபுறமும் விரிந்த உலோக வலைக்குழாய் ஒன்றைப் பொருத்த வேண்டும். சீழ் இரைப்பைக்குள் வடிந்துவிடும். இறந்த திசு எஞ்சினால், சில நாள் கழித்து அதே குழாய் வழியாகச் சென்று சிறிது சிறிதாகக் களைந்தெடுக்கலாம். வயிற்றைக் கிழிக்கத் தேவையில்லை.

எப்போது செய்வது என்பதே கடினமான வினா. சீழ்ப்பையைச் சுற்றி உறுதியான சுவர் உருவாகும் முன்பு துளையிட்டால் சீழ் வயிறெங்கும் பரவும். மருத்துவர்கள் அவசரப்பட்டும் தாமதித்தும் பலரை இழந்த பிறகே தருணமானி உருவாக்கப்பட்டது. ஐம்பது ஆண்டுகளின் சிகிச்சைப் பதிவுகள் அனைத்தையும் கற்ற அப்பொறி, நோயாளியின் ஆயிரம் குறிகளைக் கூட்டிக் கழித்து, தொடங்கலாம் அல்லது கூடாது என்று கூறியது. காரணம் கூறுவதில்லை. அதன் வருகைக்குப் பின் இறப்புகள் பாதியாகக் குறைந்தன. மாசிலாமணியையும் ஐந்து வாரங்கள் காத்திருக்கச் செய்தது அதுவே. அந்தக் காத்திருப்பில் சுவர் தடித்து உறுதிப்பட்டது என்பதை மருத்துவர் ஜெசிந்தா நன்கு அறிவார்.

ஆகவே அவர் பொறியைச் சந்தேகிக்கவில்லை. நோயாளியைப் பார்த்து அஞ்சினார்.

"ஒன்றரை மணி நேரம் தாங்குவாரா சார்?" என்று மயக்க மருத்துவர் வைரவனைக் கேட்டார்.

"தாங்கலாம், தாங்காமலும் போகலாம். பிரஷர் எறங்கிட்டே இருக்கும்மா. நான் மருந்த ஏத்திட்டே இருக்கேன். எவ்வளவு நேரம்தான் ஏத்துறது?" என்றார் வைரவன். ஓய்வு பெற ஓராண்டே இருந்த அவர் சாதாரணமாகக் கலகலப்பானவர். அன்று குரல் தாழ்ந்திருந்தது.

ஜெசிந்தா வாயிற்கதவைத் திறந்து, வெளியே நின்ற மாசிலாமணியின் மனைவி அறிவுக்கொடியிடம் நிலைமையை விளக்கினார். பொறியை மீறித் தொடங்க வழி உண்டு. அதற்கு மருத்துவரின் கைரேகையும் நோயாளியின் வாய்மொழி ஒப்புதலும் தேவை. நோயாளியோ ஒப்ப மறுத்துவிட்டார்.

"என்ன சொன்னாரு?" என்று அறிவுக்கொடி கேட்டார். அவர் இயற்பியல் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர்.

"'பொறி கணக்குப் போட்டுச் சொல்லுது, அத மீறச் சொல்ல நீங்க யாரு'ன்னு என்னையே கேட்டுட்டாரு."

"கேப்பாரு. வாழ்க்க பூரா எல்லார்கிட்டயும் 'ஆதாரம் எங்க'ன்னு கேட்ட மனுஷன். எத்தன மணிக்கு விடுமாம்?"

"நாலரைக்கு மேல."

அறிவுக்கொடி சுவரிலிருந்த கடிகாரத்தைப் பார்த்தார். புருவம் சுருங்கியது.

"இன்னைக்குச் செவ்வாய்க்கிழமதானே? டாக்டர், நாளைக்கு இதே ஆளுக்கு எந்த நேரம் ஆகாதுன்னு அந்த மெஷின்கிட்ட கேளுங்க. பதில நான் முன்னாடியே சொல்றேன். பன்னெண்டுலேருந்து ஒன்னரை."

ஜெசிந்தா வியப்புடன் பொறியிடம் கேட்டார். திரையில் 12.00 முதல் 1.30 வரை என்று வந்தது.

"வியாழன், ஒன்னரைலேருந்து மூணு. வெள்ளி, பத்தரைலேருந்து பன்னெண்டு."

இரண்டும் அப்படியே வந்தன.

"இது எப்படிம்மா உங்களுக்கு...?"

"ராகு காலம் டாக்டர்! எங்களுக்குக் கல்யாணமே அதுலதான் நடந்துச்சு. ஞாயித்துக்கிழம சாயங்காலம் அஞ்சு மணிக்கு, ஊரே பாக்கட்டும்னு. வீடு குடிபோனது, பொண்ணுக்குப் பேர் வச்சது, எல்லாமே அந்த நேரத்துலதான். நம்புறவங்க கூட மறந்துட்டாங்க. எதுக்கறதுக்காக நாங்கதான் மனப்பாடம் பண்ணி வச்சிருக்கோம்."

கிறித்தவக் குடும்பத்தில் பிறந்த ஜெசிந்தா அச்சொல்லைச் சிறு வயதில் எங்கோ கேட்டதோடு சரி. பஞ்சாங்கம் அச்சிடுவோர் அருகிவிட்ட அந்நாளில், ஒரு பொறிக்கு அது எவ்வாறு தெரிந்தது? யாரும் அதற்கு அதைக் கற்பிக்கவில்லையே!

உள்ளிருந்து வைரவன் சிரிக்கும் ஒலி கேட்டது. மகிழ்ச்சியின் சிரிப்பன்று.

"காபி!" என்றார் அவர். "ஜெசிந்தா, அது காபிம்மா! நான் படிச்ச காலத்துல எங்க பெரிய டாக்டர் அந்த நேரத்துல எந்தக் கேஸையும் தொட மாட்டாரு. வாயத் தொறந்து ராகு காலம்னு சொல்லவும் மாட்டாரு. 'வாங்கப்பா, ஒரு காபி சாப்ட்டு வருவோம்'னுவாரு. எல்லா ஊர்லயும் அதே கததான். நோயாளியோட வீட்டு ஆளுங்களும் அதத்தான் கேப்பாங்க."

"யாருமே அந்த நேரத்துல செய்ய மாட்டீங்களா?"

"சாகக் கெடக்கறவனுக்குச் செய்வோம். தள்ளிப்போட முடியாதவனுக்கு மட்டும்."

ஜெசிந்தாவுக்கு அனைத்தும் விளங்கியது. ஐம்பது ஆண்டுகளாக நலமாக இருந்தவர்கள் நல்ல நேரத்திலும், இறக்கும் நிலையில் இருந்தவர்கள் அந்த நேரத்திலும் மேசைக்கு வந்தார்கள். பின்னவர்களில் பலர் இறந்தார்கள். பதிவுகளில் காபி இல்லை; மணியும் மரணமும் மட்டுமே இருந்தன. பொறி அவ்விரண்டையும் இணைத்து ஒரு விதியைக் கண்டறிந்தது. சாதாரண நோயாளி ஒன்றரை மணி நேரம் காத்திருப்பதால் கெட்டுப்போவது ஒன்றும் இல்லை. ஆதலால் அவ்விதி யார் கண்ணிலும் படவில்லை.

அறிவுக்கொடிக்குக் கவச உடை அணிவித்து உள்ளே அழைத்துச் சென்றார்கள். மாசிலாமணியின் உதடுகள் வறண்டிருந்தன. கண்கள் மட்டும் தெளிவாக இருந்தன.

"என்ன கொடி, நீயும் மீறச் சொல்லித்தான் வந்தியா? அது அறிவியல்."

"மீறச் சொல்லல தோழரே. ஒரு கேள்விதான். இன்னைக்கு என்ன கெழம?"

"செவ்வாய்."

"மணி மூணே கால். இது என்ன நேரம்?"

அவர் உதடுகள் ஓசையின்றி அசைந்தன. திங்களிலிருந்து தொடங்கி ஒவ்வொரு நாளாக எண்ணி வந்தவர் ஒரு கணம் நின்றுபோனார்.

"அடப்பாவிகளா!"

"ஆமா. நீங்க ராகு காலம் முடியட்டும்னு படுத்திருக்கீங்க. நம்ம ஆளுங்களுக்குத் தெரிஞ்சா என்ன சொல்வாங்க?"

ஜெசிந்தா காரணத்தை இரண்டு வாக்கியங்களில் கூறினார். மாசிலாமணி சிரிக்க முயன்றார், வலி விடவில்லை.

"தொடங்குங்க டாக்டர். இப்பவே. ஒப்புதல், ஒப்புதல்! நாலரைக்கு மேல தொட்டீங்கன்னா கேஸ் போட்டுருவேன்."

ஜெசிந்தா கைரேகையைப் பதித்தார். நுண்கரம் பூட்டு நீங்கி விரிந்தது. உள்நோக்கியின் நுனியிலிருந்த ஒலியலைக் கண், இரைப்பைச் சுவருக்கு அப்பால் கரிய பை ஒன்றைக் காட்டியது. துளை விழுந்தது, வலைக்குழாய் இருபுறமும் மலர்ந்தது. அடுத்த நொடி பழுப்பு நிறச் சீழ் பீறிட்டுப் பாய்ந்தது. அப்போது இரத்த அழுத்தம் ஒரேயடியாகச் சரிந்தது. வைரவன் மருந்தின் வேகத்தைக் கூட்டினார். எண்கள் தயங்கித் தயங்கி மேலேறின. நான்கு மணிக்குள் பணி முடிந்து, மாசிலாமணி தீவிர சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டு செல்லப்பட்டார்.

"ஒரு மணி நேரம் விட்டிருந்தா இந்தச் சரிவுல ஆள் போயிருப்பாரு" என்றார் வைரவன், கையுறையைக் கழற்றியபடி.

ஆயினும் தருணமானி வேறு விதமாக எழுதிக்கொண்டது. ஆகாத நேரத்தில் தொடக்கம். நடுவே அழுத்த வீழ்ச்சி. முடிவில் தீவிர சிகிச்சை. செவ்வாய் மூன்று மணிக்கான அபாய எண் சற்றே உயர்ந்தது. அவ்வுயர்வு நாட்டின் எல்லா மருத்துவமனைகளுக்கும் உடனே சென்று சேர்ந்தது.

ஜெசிந்தா தருணமானியைப் பராமரிக்கும் சென்னை அலுவலகத்தை அழைத்தார். மறுமுனையில் பேசியவர் பொறுமையாகக் கேட்டார்.

"நீங்க சொல்றது நியாயமா இருக்கு டாக்டர். ஆனா நாங்க கையால எதையும் மாத்த முடியாது, சட்டம் அப்படி. அந்த நேரத்துல தொடங்கி நல்லா முடிஞ்ச சாதாரண கேஸ் கொஞ்சம் குடுங்க, அதுவே திருத்திக்கும்."

சாதாரண நோயாளி ஒருவர் அடுத்த அறையிலேயே காத்திருந்தார். பெயர் செண்பகவல்லி, பித்தநாளத்தில் சிறு கல். காய்ச்சல் இல்லை, அவசரமும் இல்லை. பாலங்களின் உறுதியைக் கணக்கிடும் பொறியாளர். ஜெசிந்தா அவரிடம் அனைத்தையும் எடுத்துரைத்தார். அறிவுக்கொடியும் உடன் சென்று, கண்ணைத் துடைத்துக்கொண்டு பேசினார்.

"ஒங்கள மாதிரி நல்லா இருக்கறவங்க ஒருத்தர் இப்போ படுத்தா போதும்மா. அது கத்துக்கும்."

செண்பகவல்லி கவனமாகக் கேட்டார்.

"எனக்கு ராகு காலம்லாம் நம்பிக்கை இல்லங்க. நீங்க சொல்ற காரணமும் நல்லாப் புரியுது. ஆனா உங்க வீட்டுக்காரருக்கு உள்ள பிரஷர் விழுந்துச்சுன்னு இப்பத்தான் நர்ஸ் பேசிட்டுப் போனாங்களே."

"அது அவரு ஏற்கெனவே..."

"இருக்கலாம் டீச்சர். எனக்குத்தான் அவசரம் இல்லையே? பச்சை வரட்டுமே. நீங்க போய் ஒரு காபி சாப்ட்டு வாங்க டாக்டர்."

வைரவன் தலைகுனிந்துகொண்டார். ஜெசிந்தா நாற்காலியில் அமர்ந்து மஞ்சள் விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தார். சன்னலுக்கு வெளியே மழை ஓய்ந்து, பாலத்தின் மறுமுனை மெல்லத் தெரியத் தொடங்கியது. விளக்கு பச்சைக்கு மாறியது. செண்பகவல்லி புன்னகையுடன் தானே எழுந்து சென்று மேசையில் படுத்தார். சிகிச்சை சிறு தடங்கலுமின்றி இனிதே நிறைவுற்றது. பொறி அதையும் கற்றுக்கொண்டது.

தொடக்க நேரம் என்று அதில் பதிவாகியிருந்தது மாலை 4 மணி 31 நிமிடம்.