உள்ளே இருப்பவர்கள்

அட்டவணையில் இருந்தது ஒரே ஒரு வரி, அவளுடையது. புள்ளிவிவரமோ நானூறு என்றது.

விடுமுறை நாள். ஒன்பதாம் மாடியில், ஜன்னலே இல்லாத சர்வர் அறையில் அவள் தனியாக உட்கார்ந்திருந்தாள். கார்டைத் தேய்த்து உள்ளே வருகிற ஒவ்வொருவருக்கும் அந்த அட்டவணையில் ஒரு வரி சேரும். வெளியே போனால் அது அழியும். கட்டடத்துக்குள் இப்போது யார் யார், எந்த மாடியில், எந்த அறையில் என்பது மட்டுமே அதில் இருக்கும்.

எந்தக் கேள்விக்கும் விடை தேடுமுன் டேட்டாபேஸ் ஒரு திட்டம் போடும். திட்டம் போடும் ஆப்டிமைசர் அட்டவணையைத் திறந்து பார்ப்பதில்லை. எப்போதோ எடுத்துவைத்த புள்ளிவிவரத்தை நம்பும்: எத்தனை வரிகள், எத்தனை வெவ்வேறு அறைகள், மிகக் குறைந்த மாடி எது, மிக உயர்ந்தது எது. அந்த விவரமும் பெரும்பாலும் ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம்தான். அரிசி போடாத பானையில் பதம் பார்த்தால்? கட்டடம் காலியாக இருந்த வேளையில் விவரம் எடுக்கப்பட்டது. உள்ளே யாருமில்லை என்று நம்பி ஆப்டிமைசர் போட்ட திட்டம் காலை நெரிசலில் திணற, கார்டு தேய்த்தும் கதவுகள் திறக்கவில்லை. மேலாளர் எல்லோர் முன்னாலும் அவளைக் காய்ச்சி எடுத்தார். அவள் குறுக்கு வழியில் இறங்கினாள். புள்ளிவிவரத்தில் நானூறு என்று தன் கையாலேயே எழுதி, யாரும் மாற்ற முடியாதபடி பூட்டிவைத்தாள்.

அன்றிலிருந்து, ஆளே இல்லாத கட்டடத்தில் நானூறு பேர் இருப்பதாக டேட்டாபேஸ் இரவெல்லாம் நம்பிக்கொண்டிருந்தது.

இன்று அந்தப் பொய்யை எடுத்துவிடத்தான் வந்திருந்தாள். பூட்டைத் திறந்தாள், பழையதை அழித்தாள், புதிதாக எடுத்தாள். நானூறு. குறைந்த மாடி ஒன்று, உயர்ந்த மாடி ஒன்பது.

கீழே வெளிவாசலில் இருந்த காவலாளியைப் போனில் கூப்பிட்டாள்.

"உள்ள வேற யாராவது இருக்காங்களாண்ணே?"

"நீங்க ஒருத்தர்தான் மேடம். பேயா இருந்தாலும் என்கிட்ட கார்டு தேய்ச்சுட்டுத்தான் போகணும்." சிரித்தார். "உங்க வீட்டுக்காரர் பாப்பாவோட வந்து கார்ல காத்துட்டிருக்காரு. சீக்கிரம் வரச் சொன்னாரு."

இதோ வந்துவிடுகிறேன் என்றாள். மாதிரி எடுத்ததில்தான் பிழை என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டு, இம்முறை ஒரு வரி விடாமல் முழுக்க எண்ணச் சொன்னாள்.

நானூறு. குறைந்த மாடி ஐந்து.

கீழ் மாடிகளில் இப்போது யாருமில்லை என்று அர்த்தம்.

தலைக்கு மேலே குளிர்பதன இயந்திரம், கூட்டம் நெரியும் அரங்கில் இரைவதுபோல, மூச்சிழுத்து மூச்சிழுத்து இரைந்தது. அப்படியும் சுவரில் வெப்பமானி மெல்ல ஏறிக்கொண்டிருந்தது. நின்றுபோன லிஃப்டுக்குள் நிறையப் பேர் அடைந்து கிடந்தால் வருமே ஒரு வாடை, ஈரத் துணியும் வியர்வையும் கலந்தது, அது கதவிடுக்கு வழியாக வந்தது. அட்டவணையைத் திறந்தாள். ஒரே வரி. மறுபடி புள்ளிவிவரம் எடுத்தாள். குறைந்த மாடி எட்டு.

பையைத் தூக்கிக்கொண்டு கண்ணாடிக் கதவுக்கு ஓடினாள். வெளியே நடைவழி இருட்டு. ஆள் அசைந்தால் மட்டுமே எரியும் விளக்குகள். படிக்கட்டுப் பக்கம் முதல் விளக்கு எரிந்தது. அடுத்தது. அதற்கடுத்தது. விளக்கின் கீழே எவருமில்லை.

பின்வாங்கினாள். முதுகு மேசையில் இடித்தது.

கதவுக்கு நேர் மேலிருந்த விளக்கு எரிந்தது. எரிந்துகொண்டே இருந்தது. பிறகு எல்லாம் ஒவ்வொன்றாக அணைந்தன.

போய்விட்டார்கள். கண்ணில் நீர் முட்டியது. கார். மகள். கிளம்பிவிடலாம். ஆனாலும் கை பழக்கத்தில் விசைப்பலகைக்குப் போனது. கடைசியாக ஒருமுறை.

வரிகள்: நானூறு.

வெவ்வேறு அறைகள்: ஒன்று.

சர்வர் அறை.

அவள் மூச்சை அடக்கிக்கொண்டாள்.

கண்ணாடிக் கதவில் ஆவி படர்ந்தது. வெளியிலிருந்து அல்ல. உள்பக்கம். முக உயரத்தில், ஒன்றன் பக்கத்தில் ஒன்றாக, வட்டம் வட்டமாக.