முந்நூறு ஆண்டுக் காவல்

பூவரசி கலயத்தை மேசையில் வைத்த மறுநொடியே, கழிவின் கதிரை அளக்கும் ஆயுள்மானி சொல்லிவிட்டது: ‘தாழ்கதிர். முந்நூறு ஆண்டு.’

கலயத்தில் இருந்தது அவளுடைய அப்பா இருளாண்டியின் சாம்பல்.

தெருவுக்கோர் அணு அடுப்பு வந்தபின் ஊரில் எந்தக் கழிவும் ஆயுள்மானியைத் தாண்டாமல் போவதில்லை, சாம்பலும்கூட. ‘விலக்கு’ என்றால் ஊர்க்குப்பையோடு கொட்டலாம். ‘குறுவாழ்வு’ என்றால் சில மாதம் பூட்டிவைத்தால் தானே அடங்கும். ‘தாழ்கதிர்’ தரையடிக் கான்கிரீட் அறைக்கு, ‘இடைக்கதிர்’ ஆழக் குழிக்கு. எரிந்து தீர்ந்த எரிபொருள் ‘உயர்கதிர்’. அதைக் கண்ணாடியாக உருக்கிப் பாறைக்கடியில் இறக்குவார்கள். எதுவானாலும் கழிவு அலுவலர் பூவரசி கையெழுத்திட வேண்டும்.

“ஏட்டி, பெத்த அப்பனக் கழிவுன்னு எழுதப் போறியா?” சித்தப்பா மாடக்கண்ணு கலயத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். “விலக்குன்னு போட்டுக் குடு. கடல்ல கரைச்சிட்டுப் போறேன்.”

“கடல்ல மீனு இருக்கு. அதத் திங்கப் போறது நாமதான்.”

முப்பது வருடம் அடுப்பு கழுவிய எலும்பு. கிழிந்த கையுறைக்கு மாற்றுக் கேட்டால் நாளைக்கு வா என்று சொல்லப்பட்ட எலும்பு. அதில் சுண்ணாம்புபோல் படிந்த கதிர், முப்பது ஆண்டுக்கு ஒருமுறை பாதியாகும். பத்து முறை பாதியானால்தான் அடங்கும். நினைக்க நினைக்க அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“சித்தப்பா, தாத்தாவத் தூக்கிட்டுப் போனப்ப மேலத்தெரு வழியா விட்டாங்களா?”

“இடுப்பளவு தண்ணி. வாய்க்கால்ல எறங்கித்தான் போனோம்.”

“அப்பாவுக்கு அந்தக் கான்கிரீட் அறை வரைக்கும் தார் ரோடு. கல்லுல பேரு. எவன் ஆட்சிக்கு வந்தாலும் முந்நூறு வருசம் காவல் போட்டே ஆகணும். ஒரு அடி எடத்த எவனும் வளைக்க முடியாது.”

சித்தப்பா கலயத்தை மறுபடி மேசை நடுவே நகர்த்தினார். “பேருக்கு முன்னால ‘திரு’ போடுவாங்களா?”

“போடுவாங்க.”

“அப்ப எழுது.”

எழுதினாள். அவர் போனபின், எந்தத் தெரு என்று கேட்கத் தெரியாத அந்தக் கருவியை நன்றியோடு ஒருமுறை தட்டிக்கொடுத்தாள்.

மூன்று மாதம் கழித்து மேலத்தெரு சங்கரவேலு ஒரு வெண்கலச் செம்போடு வந்து நின்றார். அவர்கள் சுடுகாட்டைக் கடல் விழுங்கிவிட்டது.

“அப்பாவையும் அந்த அறையில வைக்கணும்மா. காவலும் கல்லும் இருக்காமே. நீங்க மனசு வச்சா...”

ஆயுள்மானி சொன்னது: ‘விலக்கு.’

ஊர்க்குப்பையோடு கொட்டலாம் என்ற விதி அவள் நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிக்கொண்டாள்.

“உங்க தெருவுக்கு அடுப்பு எப்ப வந்திச்சு?”

“ஊர்லயே முதல் அடுப்பு எங்க தெருவுக்குத்தான்.”

“எண்பத்தாறு வயசு வரைக்கும் உங்க அப்பா மேல ஒரு தூசி ஒட்டல, பாருங்க. கடல்லயே கரைங்க, மீனுக்கும் ஒண்ணும் ஆகாது. ஆனா அதுக்கு முன்னால நன்றி சொல்லிட்டுப் போங்க.”

“யாருக்கும்மா?”

பூவரசி ஜன்னல் வழியே, கான்கிரீட் அறைமேல் நின்ற ‘திரு. இருளாண்டி’ கல்லைக் காட்டினாள்.

“நேராப் போங்க. தார் ரோடுதான். யாரும் மறிக்க மாட்டாங்க.”