மலிவு விலைச் சாணை

மதியம் இரண்டு மணிக்குச் சற்று முன்னால், சுஸ்த் நகரத்துக் கத்திப் பட்டறைத் தெருவில், சாணைக்காரன் எர்காஷ் தன் மெஷினுக்கு எதிரே மல்லாந்து கிடந்தான். முதலில் பார்த்தவள் பக்கத்துச் சம்சா கடைக்காரி கரோமத். ஏதோ கிழிபடும் சத்தமும் ஒரு முனகலும் கேட்டு ஓடி வந்தாள். மோட்டார் இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது. அதன் உப்புத்தாள் பெல்ட் அறுந்து மூலையில் சுருண்டு கிடந்தது. எர்காஷின் தாடைக்குக் கீழே கழுத்து ஆழமாக வெட்டுப்பட்டிருந்தது. அவன் தீட்டிக்கொண்டிருந்த நீளமான கசாப்புக் கத்தி அவன் தலைக்குப் பின்னால் தரையில் கிடந்தது.

அவள் போட்ட கூச்சலில் தெருவே கூடிவிட்டது. அடுத்த பட்டறையிலிருந்து எர்காஷின் அண்ணன் மாருஃப் ஓடி வந்தான். வாசலில் நின்று ஒரு கணம் மெஷினையே பார்த்தான். பிறகு, யாரும் எதையும் தொட வேண்டாம், கரண்டை நிறுத்துகிறேன் என்று சொல்லிவிட்டுத் தன் பட்டறையின் பின்சுவருக்கு ஓடினான். எர்காஷ், மாருஃப், கரோமத் மூவரின் கடைகளுக்கும் பொதுவான மெயின் பெட்டி அங்கேதான் இருந்தது. சாவியும் அவனிடம்தான். ஆம்புலன்ஸ் வந்து, பயனில்லை என்று சொல்லிவிட்டுப் போன பிறகுதான் கரண்ட் திரும்ப வந்தது. அத்தனை பதற்றத்திலும் நிதானம் இழக்காமல் இருந்தவன் மாருஃப் ஒருவன்தான் என்று அன்று எல்லோரும் பேசிக்கொண்டார்கள்.

மூன்று மணிக்கு மாவட்டப் போலீஸ் அதிகாரி மஸ்தூரா வந்தாள். நாற்பது வயது, அதிகம் பேசாதவள். ஜனவரி மூடுபனி காலையிலிருந்தே விலகவில்லை. தெருவில் எல்லாக் கூரைகளிலிருந்தும் புகை ஆணி அடித்த மாதிரி நேராக மேலே ஏறிக்கொண்டிருந்தது. அவள் காரை விட்டு இறங்கியதும் பார்த்தது அதைத்தான்.

இது விபத்துதான் என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. மலிவான மெஷின், மட்டமான பெல்ட், ஓடும்போது அறுந்து கத்தியை வீசிவிட்டது. டாக்டர் அப்படித்தான் எழுதினார். மஸ்தூராவும் எழுதியிருப்பாள். ஆனால் கிளம்பும்போது எதேச்சையாக நிமிர்ந்து பார்த்தாள். தாழ்வான கூரையின் மர உத்தரத்தில், மெஷினுக்குச் சற்றுப் பின்னால், கத்தி நுனி ஆழமாகக் குத்திய தழும்பு ஒன்று இருந்தது. மரம் உள்ளே வெள்ளையாகத் தெரிந்தது. புதுக்காயம்.

அறுந்த பெல்டைச் சுருட்டித் தன் பையில் வைத்துக்கொண்டாள். பட்டறையைப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டு போனாள்.

சில நாள் கழித்து அவள் எர்காஷின் வீட்டுக்குப் போனபோது வாசலில் ஆண்கள் பஞ்சு அங்கியை இடுப்புத் துணியால் கட்டிக்கொண்டு துக்கத்துக்கு நின்றிருந்தார்கள். முன்னால் மாருஃப். வந்தவர்களிடமெல்லாம் அவன் ஒரே விஷயத்தைச் சொல்லிக்கொண்டிருந்தான். நமங்கான் நகரில் நல்ல ஃபாக்டரி மெஷின் இருக்கிறது, கொஞ்சம் பொறுத்து அதை வாங்கு என்று தம்பியிடம் தலைபாடாய் அடித்துக்கொண்டானாம். தம்பி கேட்கவில்லையாம். பெண்டாட்டி பேச்சைக் கேட்டு, யாரோ ஒரு லேத்துப் பட்டறையில் செய்த மெஷினை வாங்கி வைத்தானாம்.

"நாற்பதாம் நாள் முடிஞ்சதும் அவ அப்பா வீட்டுக்குப் போகட்டும். பிள்ளைங்க எங்க ரத்தம், இங்கதான் வளரும்" என்று மஸ்தூராவிடமும் சொன்னான். குரலில் கோபம் இல்லை. களைப்புதான் இருந்தது.

உள்ளே துக்கத்துக்குரிய நீலத் துணி போர்த்தி உட்கார்ந்திருந்த இனோபத், எர்காஷின் மனைவி, தன் முன்னால் வைத்த ரொட்டியைத் தொடவே இல்லை. அழவும் இல்லை. மஸ்தூரா கேட்பதற்கு முன்பே, குற்றம் தன்னுடையதுதான், வழக்கு எழுதுவதானால் தன் பெயரை எழுதலாம் என்றாள்.

"நீங்கதான் மெஷினத் தேர்ந்தெடுத்தீங்களா?"

"நான்தான்."

"ஏன் அதை?"

இனோபத் முதலில் தயங்கினாள். பிறகு மெல்லச் சொல்லத் தொடங்கினாள். ஃபாக்டரி மெஷினுக்கு ஆகும் செலவில் ஒரு பசுவும் கன்றும் வாங்கலாம். பஜாரில் விற்ற சின்ன மெஷின் கைக்கு எட்டும் விலைதான். ஆனால் அதன் பெல்ட் விரல் அகலம்தான், வேகமோ அதிகம். அந்த வேகத்தில் கத்தியின் வாய், வெட்டுகிற விளிம்பு, சூடேறி நீலம் பாய்ந்துவிடும். பிறகு அதில் கூர் நிற்காது. லேத்துக்காரர் செய்துகொடுத்த மெஷினில் இருந்தது பழைய தண்ணீர்ப் பம்பின் மோட்டார். மூன்று ஃபேஸ், எளிதில் புகையாது. மூன்று விரல் அகலப் பெல்ட். சக்கரத்தைச் சின்னதாகக் கடையச் சொல்லி வேகத்தைக் குறைத்தவள் அவள்தான். வாங்கும் முன் மூன்று கத்திகளைக் கொண்டுபோய் எல்லா மெஷினிலும் தீட்டிப் பார்த்து, வீட்டுக்கு வந்து வெங்காயம் நறுக்கிப் பார்த்தாளாம். அதைச் சொல்லும்போது மட்டும் அவள் குரலில் கொஞ்சம் உயிர் வந்தது.

"அவர் கத்திய எப்படிப் பிடிப்பார்?"

இனோபத் வெறும் கையால் காட்டினாள். பெல்ட் மேலிருந்து கீழே ஓடும். கத்தியின் வாயும் கீழே பார்த்திருக்கும். "பெல்ட் முதுகுப் பக்கம் வந்து வாய்ப் பக்கம் விலகிப் போகணும். பொறியெல்லாம் கீழ இருக்கற தண்ணி வாளியில விழும். வாய எதிர்த்து வந்தா பெல்ட்டக் கிழிச்சிரும்."

"மாத்திப் பிடிச்சிருப்பாரோ?"

"அவரா? தூக்கத்துலகூட மாத்திப் பிடிக்க மாட்டார்."

மஸ்தூரா நேராகப் பட்டறைக்குப் போனாள். பையிலிருந்து பெல்டை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தாள். மட்டமான பெல்ட் ஒட்டுப்போட்ட இடத்தில்தான் விட்டுப்போகும். இதில் ஒட்டு அப்படியே கெட்டியாக இருந்தது. பெல்ட் வேறோர் இடத்தில், கத்தியால் கீறிய மாதிரி குறுக்கே வெட்டுப்பட்டிருந்தது.

கூட வந்த போலீஸ்காரரைப் புதுப் பெல்ட் ஒன்றை மாட்டச் சொன்னாள். மெஷின் ஓடியது. இனோபத் சொன்னபடியே மேலிருந்து கீழே. ஒரு மரச் சட்டத்தை அதில் வைத்து அழுத்தினாள். சட்டம் கையை விட்டுப் பிடுங்கிக்கொண்டு வாளிக்குள் போய் விழுந்தது. மறுபடி வைத்தாள். மறுபடி வாளி. எப்படிச் சாய்த்து வைத்தாலும் கீழேதான் போனது. அவள் உத்தரத்தில் இருந்த தழும்பை நெடுநேரம் பார்த்தாள். கீழே இழுக்கும் மெஷின் கத்தியை மேலே எறியுமா?

மோட்டாரின் வயர் பெட்டியைப் பார்த்தாள். அதன் திருகுகள் எண்ணெயும் இரும்புத் தூளும் இறுகி, பல மாதமாக யாரும் தொடாத மாதிரி இருந்தன.

வெளியே வந்து கரோமத்தின் கடையில் உட்கார்ந்தாள். கரோமத் பச்சைத் தேநீர் ஊற்றினாள். அவளால் அன்றைய நாளை மறக்க முடியவில்லை. திரும்பத் திரும்ப அதையே சொன்னாள். காலையில் கரண்டு இருந்தது, மதியம் கொஞ்ச நேரம் போய் வந்தது, இந்தத் தெருவில் அது வழக்கம்தான். கரண்டு வந்ததும் எர்காஷ் எழுந்து மெஷினைப் போட்டான்.

"அன்னிக்கு எல்லாமே கெட்ட நேரம் தங்கச்சி. காத்துகூடத் திரும்பிருச்சு. அடுப்புப் புகையெல்லாம் கடைக்குள்ள வந்து கண்ணே தெரியல. சம்சா வாங்க வந்தவன் இருமிட்டே ஓடிட்டான்."

மஸ்தூரா கிண்ணத்தைக் கீழே வைத்தாள். "எப்ப அது?"

"கரண்டு திரும்பி வந்ததுமே. அப்புறம் தானாச் சரியாயிருச்சு."

"அப்புறம்னா?"

கரோமத் யோசித்தாள். "மாருஃப் கரண்ட நிறுத்திட்டு மறுபடி போட்டாரே, அதுக்கப்புறம்."

சுவரில் பழைய பெரிய மின்விசிறி ஒன்று புகையை வெளியே தள்ளிக்கொண்டிருந்தது. அதன் பின்னாலிருந்து வந்த தடித்த வயர் கூரை வழியாக மெயின் பெட்டிக்குப் போனது. அதுவும் மூன்று ஃபேஸ் மோட்டார்.

அதற்குள் துக்க வீட்டிலிருந்து வந்துவிட்ட மாருஃப் தன் பட்டறையைத் திறந்துகொண்டிருந்தான். மஸ்தூரா உள்ளே போனாள். நடுவில் துணி போர்த்திய ஒரு மெஷின். பழைய சாணைச் சக்கரத்தை விற்றுவிட்டுப் போன வாரம் வாங்கிய ஃபாக்டரி மெஷின் என்றான். துணியை விலக்கிக் காட்டினான். அதன் வயர் பெட்டியில் கம்பெனி ஒட்டிய சிவப்பு சீல் கிழியாமல் இருந்தது.

"எப்ப வந்தது?"

"தம்பி போன அன்னிக்குக் காலைல."

"ஓட்டிப் பார்த்தீங்களா?"

"எங்க மேடம். அன்னிக்கே இப்படி ஆயிருச்சு. துக்க வீட்டுக்காரன் மெஷின் ஓட்டுவானா? துணிகூட எடுக்கல."

மஸ்தூரா பெல்டின் மேல் விரலை ஓட்டினாள். புதுப் பெல்டின் நடுவில் இரும்பு தேய்ந்த கருங்கோடு ஒன்று இருந்தது. அவள் விரலை அவனிடம் காட்டினாள். நுனி கருத்திருந்தது.

"ஸ்விட்ச் போடுங்க."

"வேணாம் மேடம்."

அவளே போட்டாள். மெஷின் சத்தமே இல்லாமல், வழுவழுவென்று ஓடியது. பெல்ட் கீழிருந்து மேலே ஏறியது.

மாருஃப் அங்கிருந்த முக்காலியில் உட்கார்ந்துவிட்டான். மஸ்தூரா மெஷினை நிறுத்தினாள். பிறகு அவனுக்கு அவன் செய்ததையே ஒவ்வொன்றாகச் சொன்னாள்.

கரண்டுக்கு எது முன், எது பின் என்று தெரியாது. மூன்று வயரில் இரண்டை இடம் மாற்றினால் மூன்று ஃபேஸ் மோட்டார் எதிர்ப்பக்கம் சுற்றும். வயலில் பம்பு வைத்திருக்கிற எந்த விவசாயிக்கும் தெரிந்த விஷயம். அன்று காலை மாருஃப் புது மெஷினை இணைத்தான். அது தலைகீழாக ஓடியது. மெஷினின் வயர் பெட்டியைத் திறந்து மாற்றினால் சீல் கிழியும், கியாரண்டி போய்விடும். அத்தனை விலை கொடுத்து வாங்கியவனுக்கு அதற்கு மனம் வரவில்லை. அதனால் மதியம் பின்சுவருக்குப் போய்க் கரண்டை நிறுத்தி, பொதுப் பெட்டியிலேயே இரண்டு வயரை மாற்றிப் போட்டான். கரண்டு வந்ததும் அவன் மெஷின் சரியாக ஓடியது, இரும்பு வைத்துக்கூடப் பார்த்துக்கொண்டான். கரோமத்தின் விசிறி புகையை உள்ளே தள்ளியது. அன்று காற்று திரும்பவில்லை. காற்றே இல்லை, கூரைப் புகை எல்லாம் நேராக நின்றதை மஸ்தூரா தன் கண்ணால் பார்த்திருந்தாள். சுவருக்கு அந்தப் பக்கம் எர்காஷ், பெல்ட் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று கவனிக்காமல், எப்போதும்போல வாயைக் கீழே பார்க்க வைத்துக் கத்தியைப் பெல்டில் சாய்த்தான். பெல்ட் கீழிருந்து ஏறி வந்தது. கத்தி அதைக் கிழித்தது, பெல்ட் கத்தியை மேலே எறிந்தது. கழுத்தைத் தாண்டி உத்தரம் வரை.

"எல்லாரும் தரையையே பார்த்தாங்க. நானும் அப்படித்தான் கிளம்ப இருந்தேன்" என்றாள் மஸ்தூரா. "வாசல்ல நின்னு நீங்க மெஷினப் பார்த்தீங்க. அறுந்த பிறகும் சக்கரம் சுத்திட்டிருந்தது, எந்தப் பக்கம்னு உங்களுக்குப் புரிஞ்சிருச்சு. அதான் ஓடினீங்க."

மாருஃப் தலையை ஆட்டினான். தம்பியின் பட்டறையும் அதே பெட்டியில் இருக்கிறது என்பது அந்த நேரம் தன் நினைவுக்கே வரவில்லை என்றான். வாசலில் நின்றபோதுதான் வந்ததாம்.

"நான் அவனக் கொல்லணும்னு நினைக்கல மேடம்."

"தெரியும். வயர மாத்தினது கவனக்குறைவு. ஆனா தம்பி இன்னும் தரையில கிடக்கும்போது, பின்னால போய் அத மறுபடி பழையபடி மாத்தினீங்களே."

"பயந்துட்டேன்."

"அதுக்கப்புறம் வாசல்ல நின்னு ஒவ்வொருத்தர்கிட்டயும் இனோபத்தச் சொன்னீங்க. அப்பவும் பயமா?"

அவன் தலைத் தொப்பியைக் கழற்றி முழங்காலில் வைத்துக்கொண்டான். போலீஸ்காரர் வந்து கூப்பிட்டதும் எழுந்து, பட்டறையைப் பூட்டி, மெயின் பெட்டிச் சாவியை மஸ்தூராவின் கையில் கொடுத்துவிட்டுப் போனான்.

அன்று சாயங்காலம் அவள் மறுபடி இனோபத்திடம் போனாள். நடந்ததைச் சுருக்கமாகச் சொன்னாள். மெஷினில் ஒரு குறையும் இல்லை, பெல்ட் ஒட்டுகூட விடவில்லை, அது செய்ய வேண்டியதைத்தான் செய்தது என்றாள். இனோபத் நிதானமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். மாருஃபின் பெயர் வந்தபோது கண்ணை மூடினாள், அவ்வளவுதான். அவனைத் திட்டவில்லை.

"அவருக்கு வலிச்சிருக்குமா?" என்று கேட்டாள்.

"ரொம்ப நேரம் இல்ல."

இனோபத் தலையாட்டினாள். இத்தனை நாளும் அவள் இரவெல்லாம் அந்த மெஷினையே திரும்பத் திரும்ப வாங்கிக்கொண்டிருந்தாள். பஜாரில் நிற்பாள், லேத்துப் பட்டறையில் நிற்பாள், வேறு எதைத் தேர்ந்தெடுத்திருந்தால் அவன் உயிரோடு இருந்திருப்பான் என்று கணக்குப் போடுவாள். கணவனின் முகம் ஒருமுறைகூட நினைவில் வரவில்லை. மெஷின்தான் வந்தது.

மஸ்தூரா வாசலைத் தாண்டும்போது உள்ளே அழுகைச் சத்தம் கேட்டது. பெண்கள் ஓடினார்கள். சமாதானம் சொல்லப் போனவர்களை இனோபத் கையால் விலக்கினாள். எர்காஷ் இறந்த பிறகு முதல்முறையாக அவள் எர்காஷுக்காக அழுதுகொண்டிருந்தாள்.