டேனியலைப் பற்றிய கடிதம்

மகள் தமிழினியை உள்ளறைக்குள் தள்ளி, கதவை இழுத்து வெளித்தாழ்ப்பாள் போட்டாள் மேகலா. சாப்பாட்டுத் தட்டு சுவரில் மோதும் சத்தம் கேட்டாலே அவள் கைகள் தாமாகச் செய்யும் வேலை அது. எட்டு வருடப் பழக்கம். பிறகு திரும்பி, முழங்கையால் முகத்தை மறைத்துக்கொண்டாள்.

அடி விழவில்லை.

ஒரு நொடி... இரண்டு... முழங்கையை மெல்ல இறக்கினாள். எதிரே கணவன் டேனியல். ஓங்கிய கை தலைக்கு மேல் அப்படியே நின்றது. நெற்றி நரம்பு துடித்தது. அந்தக் கை அடிக்காமலே கீழே வந்தது!

"நான் வெளிய போறேன் மேகலா. அரை மணி நேரத்துல வர்றேன்."

பனியனோடு, செருப்புகூட மாட்டாமல் தெருவில் இறங்கி விறுவிறுவென்று நடந்தான். காதில் செல்போன்.

மேகலா மலைத்து நின்றாள். ஏழு மாதமாக ஞாயிறு மாலை, ஆம்பூர் சமுதாயக் கூடத்தில் டேனியலோடு சேர்த்து ஒன்பது ஆண்கள் வட்டமாக உட்கார்ந்து பேசுகிறார்கள். கட்டியவளை அடித்தவர்கள். இனி அடிக்கக் கூடாது என்று தாங்களே வந்து சேர்ந்தவர்கள். கை ஓங்கினால் அந்த நிமிடமே வீட்டை விட்டு வெளியேற வேண்டும், கூட்டத்தில் ஒருவனுக்குப் போன் போட வேண்டும் என்பது அங்கே சட்டம். இதெல்லாம் நடக்கிற கதையா என்றுதான் அவள் நினைத்திருந்தாள். நடந்துவிட்டதே!

"சிங்கம் மாதிரி இருந்த எம்புள்ளைய இப்பிடிப் பனியனோட தெருவுல உட்டுட்டியேடி!" மாமியார் செல்லம்மாள் சமையலறையிலிருந்து சீறிக்கொண்டு வந்தாள்.

"நான் இன்னா அத்தே செஞ்சேன்? நீங்க எம்மேல போடுற பழி பொய்னு ஒரு வார்த்தை சொல்லுங்கன்னுதானே அவர்கிட்ட கேட்டேன்..."

"பொய்யா? ஷூ கம்பெனில சூப்பர்வைசர் வேலை கைக்கு வந்துச்சு. பொண்டாட்டிய அடிக்கிறவன்னு மேனேஜருக்கு ஒரு கடுதாசி போச்சு. வேலை பூட்ச்சு! நீயும் அதே கம்பெனிலதான தைக்கிற? அன்னிக்கு ஆபீஸ் பக்கம் போனியா, இல்லியா?"

"பாப்பாவுக்கு ஜொரம்... லீவு சொல்லப் போனேன் அத்தே..."

"நல்லா சொன்னே லீவு! அவன் திரும்பி வர்றதுக்குள்ள கெளம்பிடு. பேஜார் உட்டுது!"

மூன்று வாரமாக இதே பேச்சு. தெரு நம்பியது, நாத்தனார் நம்பினாள். மேகலாவுக்கு அதெல்லாம் பெரிதில்லை. டேனியலும் நம்புகிறானா? ஒரு மறுப்புக்கூடச் சொல்லாமல் தலை குனிந்து சாப்பிடுகிறானே, அந்த மௌனம்தான் அறுத்தது. அவனும் நம்பினால், இந்த வீட்டில் இனி இருக்க முடியாது.

தாழ்ப்பாளை நீக்கினாள். தமிழினிக்குத் தலை வாரி, இரண்டு பேர் துணியையும் பையில் திணித்தாள். குடியாத்தம் பஸ் ஏறினால் அம்மா வீடு.

வாசலுக்கு வந்தவள் நின்றாள். திரும்பி வந்த டேனியல் தெருவிலேயே நின்றிருந்தான். பக்கத்தில் அப்துல் வஹீத். தோல் பதனிடும் ஷாப்பில் வேலை செய்பவர், அந்த ஒன்பது பேரில் ஒருவர்.

"உள்ள வரலாமா மேகலா?" என்றான் டேனியல்.

"உன் ஊட்டுக்குள்ள வர அவள கேக்கணுமாடா? இன்னாடா கூத்து இது!" செல்லம்மாள் தலையில் அடித்துக்கொண்டாள்.

"கேக்கணும்மா. பயந்தவங்கதான் வான்னு சொல்லணும்" என்றார் வஹீத். "நான் கேக்கக் கத்துக்கிட்டப்போ, பதில் சொல்ல ஊட்ல ஆளே இல்ல."

மேகலா பையைக் கீழே வைத்தாள். எட்டு வருடத்தில் முதல் முறையாக அவளிடம் ஓர் அனுமதி கேட்கிறார்கள்!

"அங்கயே நில்லுங்க" என்றாள். "நின்னுக்கிட்டே சொல்லுங்க. அந்தக் கடுதாசிய நான்தான் குடுத்தேன்னு நீங்களும் நம்புறீங்களா?"

"இல்ல மேகலா. நீ குடுக்கலன்னு எனக்குத் தெரியும்."

"தெரியுமா...? தெரிஞ்சுமா மூணு வாரம் சும்மா இருந்தீங்க?"

அவன் கண்கள் நிறைந்தன. "அம்மா மூஞ்சிய பாக்க பயம். நீ திட்டு வாங்குறத பாத்துக்கிட்டே சோறு தின்னேன். அதுவும் அடிதான். இன்னிக்கு நீ கேட்டதும் வாய் வரல, கை வந்துச்சு. அத வஹீத் பாய்கிட்ட சொன்னேன். இப்ப உங்கிட்ட சொல்றேன்."

"இன்னாடா உளர்றே?" செல்லம்மாள் படியிறங்கி மகனின் தோளை உலுக்கினாள். "அப்ப யாருடா குடுத்தது அத? சொல்லுடா!"

"நாப்பது பொம்பளைங்க உக்காந்து தைக்கிற லைன்மா அது. அவங்கள எங்கைல குடுக்கறதுக்கு முன்னாடி, நான் யாருன்னு மேனேஜருக்குத் தெரியணும்ல? மேகலாவ அடிச்சத ஒண்ணு விடாம எழுதி, அடியில பேர் போட்டு, நேரா அவர் கைல குடுத்தது..."

தாயைப் பார்த்தான். பிறகு மனைவியை.

"நான்தாம்மா."